திரையில் தீராத காசு

(பரிசளிப்பு விழாவில் முதலாம் ஆண்டு ஆசிரியை ஆற்றிய உரை)

 

முதலாம் ஆண்டுக் கணிதத்தில் ‘பணம்’ என்றொரு பாடம் உண்டு. அதை எப்படிக் கற்பிக்கிறேன், எங்கே தவறினேன் என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நம் வகுப்பில் திறன்பலகை இருக்கிறது. விரலால் தொட்டு இழுத்தால் அதிலுள்ள படம் நகரும். ஒரு பக்கம் நாணயங்கள். மறுபக்கம் விலை போட்ட ரொட்டி. ரொட்டி 80 காசு என்றால், பிள்ளை ஓர் ஐம்பதையும் ஓர் இருபதையும் ஒரு பத்தையும் இழுத்துப் போட வேண்டும். சரியாக இருந்தால் மணி அடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான்!

இதில் நன்மை உண்டு. சிறு பிள்ளைகள் நாணயம் எத்தனை என்று எண்ணுவார்களே தவிர, அதன் மதிப்பை எண்ணமாட்டார்கள். நான்கு பத்துக் காசு பெரிதா, ஓர் ஐம்பது காசு பெரிதா என்று கேட்டால், “நாலுதான் டீச்சர் பெருசு!” என்பார்கள். பலகையில் ஐம்பது காசைத் தொட்டதும் அது ஐந்து பத்துக் காசுகளாகப் பிரிந்து விழும். அதைக் கண்ணால் கண்டபின் குழப்பம் மெல்ல மெல்ல விலகும்.

ஆனால், ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் ஒன்றைக் கண்டேன். பலகையில் ஒரு முறைகூடத் தவறாத பையன், உள்ளங்கை நிறையச் சில்லறையை நீட்டி, “எடுத்துக்கோங்க அக்கா” என்றான். எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்கவும் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. பால்மரம் சீவிய என் பாட்டியும் கடையில் இப்படித்தான் கையை நீட்டுவார். “அவுங்களே பாத்து எடுத்துக்குவாங்க” என்பார். பாட்டிக்குப் படிக்க வாய்ப்பில்லை. இந்தப் பையனுக்கு என்ன குறை? குறை என் பாடத்தில்தான் இருந்தது.

பலகையில் ஐந்து காசும் தட்டு அளவு தெரியும். கையிலோ அப்படியல்ல. 2012-இல் வெளிவந்த நாணயங்களில் இருபதும் ஐம்பதும் மஞ்சள். ஐந்தும் பத்தும் வெள்ளை. அந்த ஐந்துக்கும் பத்துக்கும் அகலத்தில் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இன்னொன்று, பலகையில் ஒரு நாணயத்தை இழுத்தால் அந்த இடத்தில் வேறொன்று வந்து நிற்கும். திரையில் காசு தீராது. நம் வீட்டுக் காசு தீருமே!

இப்போதெல்லாம் பலகைப் பாடம் முடிந்ததும் மேசைக்கு ஒரு கிண்ணம் உண்மைக் காசு வைக்கிறேன். வகுப்பிலேயே கடை போடுகிறோம். கொடுப்பதையும் மீதியையும் வாய்விட்டு எண்ண வேண்டும். சில வாரம் கழித்து அதே பையன் சிற்றுண்டிச்சாலையில், “அக்கா, இன்னும் இருபது காசு தரணும்” என்று நின்றான். அந்த அக்காவும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்கு அதுவே பரிசு!

பெற்றோர்களே, இன்று பல கடைகளில் கைப்பேசியைக் காட்டியே பணம் கட்டிவிடுகிறோம். சில்லறை பிள்ளைகள் கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாளாவது கடைக்குக் கூட்டிப்போய், அவர்கள் கையாலேயே காசைக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாம் ‘வெள்ளி, காசு’ என்கிறோம். புத்தகத்தில் ‘ரிங்கிட், சென்’ என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கொடுங்கள். “எங்களுக்குப் படிப்பு இல்லையே டீச்சர்” என்று தயங்க வேண்டாம். கூலிக் காசை எண்ணிக் குடும்பம் நடத்தும் உங்களைவிட இதற்கு வேறு ஆசிரியர் யார்?

மாணவச் செல்வங்களே! கையை நீட்டி, “எடுத்துக்கோங்க” என்று சொல்லாதீர்கள். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள்.