மனமாற்றத்துக்கு நீதிபதி யார்?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பொதுநிலையினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்து, அவற்றைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒன்று, இஸ்லாத்திலிருந்து ஒருவர் கிறிஸ்துவைத் தேடி வந்தால் நாம் அவரை எப்படி நடத்துவது? இரண்டு, ஊரில் நியாயம் சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குக் கிடைத்தால், அவருடைய மதத்தைப் பார்த்து வாக்களிக்கலாமா? முதல் கேள்வி கோவிலைச் சேர்ந்தது. இரண்டாவது சாவடியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் என்ன உறவு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். மனிதனின் மனத்துக்குத் தீர்ப்புச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதே அந்தக் கேள்வி.

கோலாலம்பூரில் ஒரு வழக்கு

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. நம் தமிழ் மக்கள் நிறைந்த இடம். அங்கே பாத்திமா அன்னைக்கு ஓர் ஆலயம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு மே மாதம் அந்த ஆலயத்தில் ஒரு பெண் திருமுழுக்குப் பெற்றார். அவர் 1964இல் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். லீனா ஜாய் என்று பெயர் மாற்றிக்கொண்டார். பெயரை மாற்ற அரசு அனுமதித்தது. ஆனால் அடையாள அட்டையில் இருந்த ‘இஸ்லாம்’ என்ற சொல்லை எடுக்க மறுத்துவிட்டது. ஷரியா நீதிமன்றத்திடமிருந்து, ‘இவர் இஸ்லாத்தை விட்டுவிட்டார்’ என்ற சான்றிதழைக் கொண்டு வரச் சொன்னார்கள். அந்தச் சொல் அட்டையில் இருக்கும் வரையில், அவர் விரும்பிய கிறிஸ்தவரை அந்நாட்டுச் சட்டப்படி மணந்துகொள்ளவும் முடியாது.

வழக்கு உயர் நீதிமன்றத்தில் 2001இல் தோற்றது. மேல் முறையீட்டில் 2005இல் தோற்றது. 2007 மே 30ஆம் நாள் நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் தீர்ப்பளித்தார்கள். ஆதரவாக எழுதிய ரிச்சர்ட் மலாஞ்சும், பின்னர் 2018இல் அந்நாட்டின் தலைமை நீதிபதியானார்.

அந்தப் பெண் நீதிமன்றத்தைப் பார்த்து, ‘நான் கிறிஸ்தவளா, இல்லையா என்று சொல்லுங்கள்’ என்று கேட்கவில்லை. அது அவருக்கே தெரியும். திருமுழுக்குத் தொட்டிக்கும் தெரியும். என் மனச்சாட்சிக்கு வேறொருவரிடம் சான்றிதழ் வாங்கச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டார்.

நம் நாட்டின் நிலை

நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு எல்லாருக்கும் மனச்சாட்சி உரிமையைத் தருகிறது. மதத்தைக் கைக்கொள்ளவும், பின்பற்றவும், பரப்பவும் உரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. 1977இல் அருட்தந்தை ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று கூறியது. பல பேர் இதைக் கேட்டு வருந்துகிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ‘நான் ஒருவரை மாற்றினேன்’ என்று எந்த விசுவாசியாவது சொல்லலாமா? மாற்றுகிறவர் தூய ஆவியானவர். மாறுகிறவர் அந்த மனிதர். நாம் சாட்சிகள் மட்டுமே.

நம் தமிழகத்தில் 2002ஆம் ஆண்டு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்ததும் அது திரும்பப் பெறப்பட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தேர்தலோடு வந்து தேர்தலோடு போகும் பொருளாக மனச்சாட்சி ஆகிவிடக் கூடாது.

சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் பெண்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, திருமணமான முஸ்லிம் பெண் இஸ்லாத்தை விட்டுவிட்டார் என்பதால் மட்டும் அவருடைய திருமணம் முறிந்துவிடாது. ஆகவே, ‘ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் பழைய கல்யாணம் போய்விடும்’ என்று யாராவது ஒரு பெண்ணுக்குச் சொன்னால் அது பொய், பாவமும் கூட.

திருச்சபை கேட்பது என்ன?

1965 டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் மறைச் சுதந்திரம் பற்றிய ஏட்டை வெளியிட்டது. விசுவாசத்தை யார் மீதும் திணிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே நாளில் வெளிவந்த நற்செய்திப் பணி பற்றிய ஏடு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டாயப்படுத்துவதோடு, தகாத முறையில் ஆசை காட்டுவதையும் அது கண்டிக்கிறது. வருகிறவரின் நோக்கத்தை ஆராய்ந்து, தேவையானால் அதைத் தூய்மைப்படுத்தச் சொல்கிறது. ஆகையால்தான் வயது வந்தவர்களுக்குத் திருமுழுக்கு ஒரே நாளில் கொடுக்கப்படுவதில்லை. ஞானோபதேசம், காத்திருத்தல், ஜெபம், பிறகுதான் தண்ணீர்.

இரண்டு மனிதர்களை உங்கள் முன் நிறுத்துகிறேன்.

முதலாமவர் மொராக்கோ நாட்டின் பெஸ் நகரில் 1904இல் பிறந்த முகமது அப்துல் ஜலீல். பாரிசில் படித்தபோது கிறிஸ்துவைக் கண்டார். 1928இல் திருமுழுக்குப் பெற்றார். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து குருவானார். தாம் பிறந்த மார்க்கத்தை அவர் இகழ்ந்து பேசவில்லை. முஸ்லிம்கள் மரியன்னையிடம் கொண்டிருக்கும் மதிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். குர்ஆனில் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரே பெண் மரியம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1979இல் இறக்கும்வரை, தம் சொந்த மண்ணையும் உறவையும் பிரிந்த வேதனையை அவர் அமைதியாகச் சுமந்தார்.

இரண்டாமவர் எகிப்தில் பிறந்து இத்தாலியில் பத்திரிகையாளராக இருந்த மக்தி அல்லாம். 2008ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பின்போது, உலகமே தொலைக்காட்சியில் பார்க்க, திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் கையால் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்தவ ஐரோப்பா என்ற பெயரில் கட்சி தொடங்கினார். 2009இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013இல், இஸ்லாத்தின் விஷயத்தில் திருச்சபை மென்மையாக இருக்கிறது என்று சொல்லி, கத்தோலிக்கத்தை விட்டே விலகிவிட்டதாக அறிவித்தார். அவர் உள்ளத்தை அளக்க நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு மனமாற்றத்தைக் கொடியாக்கித் தேர்தல் மேடையில் பறக்கவிட்டால், காற்று மாறும்போது கொடியும் திரும்பும் என்ற பாடத்தை நாம் படித்துக்கொள்ள வேண்டாமா?

நியாயம் சொல்பவரைத் தேர்ந்தெடுத்தல்

இனி இரண்டாவது கேள்வி. நம் நாட்டில் நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்று பலரும் நினைக்கிறோம். பீகார் மாநிலத்தில் அப்படியல்ல. அங்கே 2006ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ‘கிராம கச்சேரி’ என்ற நீதி மன்றம் உண்டு. அதன் தலைவரான சர்பஞ்சையும் உறுப்பினர்களையும் ஊர் மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் வேறு, இவர் வேறு. சிறு குற்றங்களுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைக்கு அனுப்ப முடியாது. முதலில் இரு தரப்பையும் சமாதானப்படுத்தப் பார்க்க வேண்டும். சட்டம் படித்த ஒருவர் துணைக்கு இருப்பார்.

நம் பக்கத்தில் கிராம முன்சீப் இருந்தார். பெரும்பாலும் அப்பனுக்குப் பின் மகன் என்று வந்த பதவி. 1980இல் அது ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் சட்டம் கொடுக்காத நாற்காலி ஒன்று மட்டும் ஊர்களில் ஒழியவில்லை. அதுதான் கட்டப் பஞ்சாயத்து. கலப்பு மணம் செய்தவரையும் மதம் மாறியவரையும் ஊரை விட்டுத் தள்ளி வைக்கும் நாற்காலி அது. 2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், இத்தகைய பஞ்சாயத்துகள் சட்ட விரோதம், அவற்றை ஒடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஒரு பாய் வீட்டுப் பிள்ளை கோவிலுக்கு வருகிறது என்பதற்காகவோ, நம் வீட்டுப் பிள்ளை பள்ளிவாசலுக்குப் போகிறது என்பதற்காகவோ ஊர் கூடினால், அந்தக் கூட்டத்தில் பாயில் உட்காரும் கிறிஸ்தவன் பிலாத்துவுக்குப் பக்கத்தில் உட்காருகிறான்.

அப்படியானால் நியாயம் சொல்பவரிடம் எதைப் பார்ப்பது? விவிலியமே வழி காட்டுகிறது. பாலைவனத்தில் மோசே காலை முதல் மாலை வரை தனியாக வழக்குக் கேட்டுக் களைத்துப்போனார். திறமையும் தெய்வ பயமும் நேர்மையும் உடையவர்களை, கைக்கூலியை வெறுப்பவர்களை நியமித்து இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள் என்று அவருக்கு யோசனை சொன்னவர் யார்? அவருடைய மாமனார் எத்திரோ, மிதியான் நாட்டுக் குரு, இஸ்ராயேலைச் சேராதவர்! இணைச்சட்ட நூலில் மோசே இதை நினைவுகூரும்போது, மக்களிடமே ஆட்களைத் தெரிந்துகொள்ளச் சொன்னதாகவும், சொந்தச் சகோதரனுக்கும் அந்நியனுக்கும் ஒரே அளவால் தீர்ப்பளிக்குமாறு கட்டளையிட்டதாகவும் காண்கிறோம். வேற்று மதத்துக் குருவிடமிருந்து வந்த யோசனையை மோசே தள்ளவில்லை. நாம் மட்டும் வேட்பாளரின் பெயரைப் பார்த்தே தள்ளலாமா?

நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. நாகூரைச் சேர்ந்த நீதிபதி மு. மு. இஸ்மாயீல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கினார். ஐந்து வேளை தொழுகை உள்ள மார்க்கத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்துக்குத் தலைமை தாங்கினார். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் நடந்த கொடுமைகளை விசாரித்து அறிக்கை தந்தவரும் அவரே. அடிபட்டவர் எந்த மதம் என்று அவர் பார்க்கவில்லை.

அப்படியே நம் கத்தோலிக்கர் ஒருவர். ஆக்ராவில் பிறந்த ஏ. ஆர். கொர்னேலியஸ் 1960 முதல் 1968 வரை பாகிஸ்தானின் தலைமை நீதிபதி. அதற்கு முன் 1955இல், அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தது செல்லாது என்று அதன் தலைவர் மௌல்வி தமீசுத்தீன் கான் தொடுத்த வழக்கில், மற்ற நீதிபதிகள் எல்லாரும் அரசுப் பக்கம் நிற்க, இவர் ஒருவரே அந்த முஸ்லிம் பெரியவரின் பக்கம் நியாயம் கண்டார். மதம் பார்த்து நீதிபதியை வைப்பதானால், இந்த இருவரையும் இரு நாடுகளும் இழந்திருக்கும்.

தேர்தலில் வேட்பாளருடைய மதத்தின் பெயராலோ, வாக்காளருடைய மதத்தின் பெயராலோ வாக்குக் கேட்பது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வில் தீர்ப்பளித்தது. சட்டம் இதைக் கேட்பவருக்குச் சொல்கிறது; கொடுப்பவருக்கு அவரவர் மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

அன்பர்களே, பொன்விழா என்பது கொடியேற்றமும் சப்பரமும் மட்டுமல்ல. இந்த ஆண்டு நம் பங்கில் நான்கு காரியங்களை உறுதி எடுத்துக்கொள்வோம்.

1. இஸ்லாத்திலிருந்து ஒருவர் விசுவாசத்தைத் தேடி வந்தால், அவரைப் பங்குத் தந்தையிடம் அழைத்துச் செல்வோம். ஊருக்கு அறிவிக்க வேண்டாம். அவர் படத்தை எங்கும் பரப்ப வேண்டாம். அவருக்கு வீட்டில் என்ன துன்பம் வரும் என்பதை அவர்தான் அறிவார்.

2. வேலை, கடன், கல்யாணம் ஆகிய எதையும் திருமுழுக்கோடு முடிச்சுப் போட வேண்டாம். உதவி தேவையானால் உதவுவோம். அவர் திருமுழுக்குப் பெறாமலே திரும்பிப் போனாலும் அந்த உதவி தொடரட்டும்.

3. அவர் தம் தாய் தந்தையரை மதிக்க உதவுவோம். பழைய மார்க்கத்தைப் பழித்துச் சாட்சி சொல்லும்படி எவரும் அவரைத் தூண்டக் கூடாது.

4. பங்குப் பேரவையானாலும், தொழிற்சங்கமானாலும், ஊராட்சியானாலும், நியாயம் சொல்லும் இடத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, ‘இவன் நம்மவனா?’ என்று கேட்பதை விட்டு, ‘இவனிடம் நம் எதிராளிக்கும் நியாயம் கிடைக்குமா?’ என்று கேட்போம்.

நாமெல்லாம் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் செய்து பிழைக்கிற மக்கள். பட்டாசு அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த நால்வரில் ஒருவர் அந்தோணி, ஒருவர் அப்துல்லா, இருவர் முருகனும் மாரியும் என்றால், மருந்து உராயாமல் ஒருவர் உயிரை ஒருவர் காக்கிறார்கள். நெருப்புக்கு மதம் தெரியாது. மத வெறுப்பு என்னும் மருந்தும் அப்படித்தான். உராய்ந்தால் எல்லாரையும் சேர்த்தே எரிக்கும். அதை உராயாமல் கையாளக் கற்றவர்கள் நாம். அந்த நிதானத்தைக் கோவிலிலும் சாவடியிலும் கைக்கொள்வோம்.

மனங்களை ஆராய்ந்து அறிபவர் இறைவன் ஒருவரே. அந்த நாற்காலியை அவருக்கே விட்டுவிட்டு, நமக்குக் கொடுக்கப்பட்ட சிறு அதிகாரத்தை நேர்மையோடு செலுத்த வரம் கேட்போம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!