மூளையின் காவலரும் ஒரு பரம்பரையலகும்

உண்ட கை உலருமுன் மீண்டும் உணவு கேட்பதும், பெற்ற பிள்ளையைப் பெயர் மாற்றி அழைப்பதும், தம் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டே 'வீட்டுக்குப் போகவேண்டும்' என்று எழுந்து புறப்படுவதும் முதியோர் உள்ள குடும்பங்கள் பல கண்ட காட்சிகளாம். 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று சொல்லி அமைதி காண்பது யாழ்ப்பாணத்து வழக்கு. மருத்துவ அறிஞரோ இதனை முதுமையின் இயல்பென்று கொள்ளார். மூளையைப் பற்றும் நோய்களின் விளைவென்பர். அந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

ஜேர்மனியிலே பிராங்பேர்ட் நகர மருத்துவமனையில், 1901ஆம் ஆண்டில், ஒகஸ்டே டீற்றர் என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். தம் பெயரையும் எழுதி முடிக்க அப்பெண்ணால் இயலவில்லை. 1906இல் அவர் இறந்தபின் அல்சைமர் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். நரம்புக்கலங்களுக்கு வெளியே படிந்த திட்டுக்களையும், கலங்களின் உள்ளே முறுகிய நார்முடிச்சுக்களையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் தியூபிங்கன் நகரிலே கூடிய வைத்தியர் அவையில் எடுத்துரைத்தார். நரம்புக்கலங்களுக்குத் துணையாயுள்ள கலங்களிலும் மாறுதல் இருந்ததை அவர் குறித்துவைத்தார். பின்வந்தோரிற் பெரும்பாலார் திட்டையும் முடிச்சையுமே பற்றிக்கொண்டனர்; மூன்றாவது செய்தி பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அத்துணைக்கலங்களுள் ஒரு வகையை 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளி உப்பினாற் சாயமூட்டித் தனியே பிரித்துக் காட்டினார். மைக்ரோகிளியா என்பது அவற்றின் பெயர். மூளையின் காவலரும் துப்புரவாளரும் இவையே. மெல்லிய கைகளை நீட்டி ஓயாது சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தவண்ணம் இருக்கும். இறந்த கலத்தையும் கழிவையும் விழுங்கும். கிருமி புகின் அழற்சியை மூட்டும். காலில் முள் தைத்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுவே அழற்சி. பகையை அழிக்க மூட்டிய அந்நெருப்பு அணையாது நின்றால் வீட்டையும் எரிக்கும்.

இக்கலங்களின் புறத்தே 'திரெம் 2' என்னும் புரதம் ஒன்று உண்டு. கழிவு இன்னது என்று தொட்டறிந்து உள்ளே செய்தி அனுப்புவது அதன் பணி. அதனை ஆக்கும் பரம்பரையலகு ஆறாவது நிறமூர்த்தத்தில் உள்ளது. அதன் அருமை முதலில் வெளிப்பட்டது அல்சைமர் நோயிலன்று. மிக அரிதான வேறொரு நோயில். பின்லாந்தில் ஹாக்கோலா என்பவரும் யப்பானில் நாசு என்பவரும் 1970களின் தொடக்கத்தில் அதனை விவரித்தனர். இளமையிலேயே கைகால் எலும்புகளிற் பொள்ளல்கள் தோன்றிச் சிறு விபத்திலும் எலும்பு முறியும். முப்பது வயதளவில் குணம் மாறும். பின் நினைவும் கெடும். எலும்புக்கும் மூளைக்கும் என்ன உறவு என்ற வினாவுக்கு 2002இல் விடை தெளிவாயிற்று. தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரு திரெம் 2 அலகுகளும் பழுதாயிருந்த குடும்பங்களில் இந்நோய் காணப்பட்டது. எலும்பை அரித்துப் புதுப்பிக்கும் கலங்களும் மூளையின் காவற்கலங்களுக்கு உறவு முறையானவை. அவையும் இப்புரதத்தையே பயன்படுத்துகின்றன.

2012ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே வேளையில் ஒரே முடிவை வெளியிட்டன. அவற்றுள் ஒன்று ஐஸ்லாந்துக் குழு. 2,261 ஐஸ்லாந்து மக்களின் பரம்பரைப் பொருள் முழுவதையும் வாசித்து ஆய்வைத் தொடங்கியது. திரெம் 2 புரதம் 230 அமினோ அமிலங்களாலான கோவை. அதன் 47ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருத்தல் வேண்டும். சிலரிடம் அங்கே ஹிஸ்டிடின் இருந்தது. 'வாழை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'வாளை' என்று எழுதினாற்போல, ஓரெழுத்துப் பிழை. புரதம் அழிந்துவிடுவதில்லை, பற்றும் வலிமை தளர்கிறது. ஓரலகில் மட்டும் இம்மாற்றம் உடையோர்க்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. ஐரோப்பியரிடையேயும் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரிடமே இது உண்டு. இதனை உடையோருள் எண்பது வயதைக் கடந்தும் அந்நோய் காணாதவர் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். குடும்பத்தில் ஒருவர்க்கு வந்ததென்று ஏனையோர் நடுங்குவதற்கு இதில் இடமில்லை.

அழற்சிதான் பகையெனில் அதனை அடக்கும் மருந்து நோயைத் தடுக்குமன்றோ? இவ்வெண்ணம் பழையது. மூட்டுவாத நோயாளரிடம் அல்சைமர் நோய் அருகியே காணப்படுகிறதென்று 1990இல் கனடாவில் மக்கீர் தம்பதியர் சுட்டினர். அவ்வழி அமெரிக்காவிலே, குடும்பத்தில் இந்நோய் இருந்த, எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன ஏறக்குறைய 2,500 பேரைக் கொண்டு நப்ரொக்சன், செலிகொக்சிப் ஆகிய மருந்துகள் சோதிக்கப்பட்டன. இதயத்துக்குத் தீங்கு நேருமோ என்ற ஐயத்தால் 2004 டிசம்பரில் மருந்து கொடுத்தல் நிறுத்தப்பட்டது. நோயைத் தடுத்த சான்றும் கிடைக்கவில்லை. நோவு மாத்திரையை மறதிக்குக் காப்பென்று தாமாக விழுங்குவோர் இதனை அறிதல் நன்று.

திரெம் 2 காட்டும் வழியோ நேர்மாறானது. இவ்வலகு நீக்கப்பட்ட எலிகளிற் காவற்கலங்கள் திட்டுக்களைச் சூழ்ந்து நிற்பதில்லை. திட்டுக்கள் தளர்ந்து பரவ, அருகிலுள்ள நரம்பிழைகள் மிகுதியாகச் சிதைகின்றன. அங்கே குறை, காவலர் அளவுமீறிச் சினந்ததன்று, கடமைக்கு வாராமையே. ஆயினும் நார்முடிச்சுக்கள் தோன்றும் வேறு வகை எலிகளில், 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அதே அலகு இல்லாதபோது மூளை குறைவாகவே தேய்ந்தது. ஒரே காவலர் நோயின் ஒரு கட்டத்தில் காப்பவராகவும் மற்றொரு கட்டத்தில் கெடுப்பவராகவும் இருத்தல் கூடும்.

இச்சிக்கல் ஏட்டோடு நிற்கவில்லை. திரெம் 2 புரதத்தைத் தூண்டும் மருந்தொன்று தொடக்கநிலை நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, 2024 நவம்பரில் அதன் முடிவு அறிவிக்கப்பட்டது. நோயின் வேகத்தை அது தணிக்கவில்லை. தூண்டிய காலம் பிந்தியதா, தூண்டிய முறை பிழையா என்பவை அச்சோதனை எழுப்பிவிட்ட வினாக்கள்.