எரிந்தால்தான் மருந்தா?

(கோவிலம்பாக்கத்தில் தம்பதியர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



குடும்ப நலக் கூட்டம் என்றதும் கருத்தடை, தடுப்பூசி, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இடைவெளி என்று பேசுவார்கள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதெல்லாம் அடுத்த கூட்டத்தில் பேசலாம். இன்றைக்கு வாயைப் பற்றிப் பேசப் போகிறேன். குறிப்பாக, பல் டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே, வாய் கொப்பளிக்கும் மருந்து, 'மவுத்வாஷ்' என்று கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, அதைப் பற்றி. "இதுக்கு ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு ஒரு தங்கை வந்திருந்தாள். ஐந்து மாதம். பல் துலக்கும்போதெல்லாம் ஈறிலிருந்து ரத்தம் வருகிறது என்று அவள் வீட்டுக்காரர் பல் டாக்டரிடம் கூட்டிப்போய், மருந்தும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர். முதல் நாள் வாயில் ஊற்றியதுமே நாக்கு, கன்னம் எல்லாம் நெருப்பாய் எரிந்து, குமட்டி, வாந்தியும் வந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னாளா? இல்லை. காசு போட்டு வாங்கியதாயிற்றே! "மருந்துன்னா எரியத்தான் செய்யும், பொறுத்துக்கோ"ன்னு சொல்லிவிடுவார் என்று பயம். அதனால் தினம் காலையில் ஒரு மூடி மருந்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்திருக்கிறாள். பாட்டிலில் மருந்து குறைவதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். பாட்டில் தீர்ந்ததும் இன்னொன்று வாங்கி வந்துவிட்டார்! ஈறு வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

இதில் யார் மேல் தப்பு? இரண்டு பேர் மேலும் இல்லை. 'எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது' என்ற நினைப்பு நம் எல்லோரிடமும் இருக்கிறது பாருங்கள், தப்பு அதில்தான். எரிச்சலுக்கும் மருந்தின் வேலைக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு.

அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். கடையில் விற்கிற காரமான கொப்பளிப்பு மருந்துகளில் முக்கியமானது சில தைலச் சத்துக்கள். ஒன்று தைமால். நம் வீட்டு ஓமத்தில் இருக்கிற அதே சத்துதான். இன்னொன்று மென்தால், புதினா வகையைச் சேர்ந்தது. இன்னொன்று யூக்கலிப்டால், ஊட்டியில் வாங்கி வருகிறோமே, நீலகிரித் தைலம், அதன் சத்து. ஆக, நமக்குத் தெரியாத சாமான் எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தைலங்கள் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. கரைப்பதற்காக ஆல்கஹால், அதாவது சாராயச் சத்து சேர்ப்பார்கள். லிஸ்டரின் என்ற மருந்து 1879-இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாகத்தான் முதலில் செய்யப்பட்டது. வாய்க்கு என்று பிரபலமானது பிற்பாடுதான். அந்தப் பழைய முறையில் செய்யும் மருந்தில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஆல்கஹால் உண்டு. பீரில் இருப்பதைப்போல நாலு மடங்கு! வாயின் உள்தோல் மெல்லியது. அதில் பட்டால் எரியாமல் என்ன செய்யும்? (குடிக்காத மனிதர் காலையில் கொப்பளித்துவிட்டு வந்து, வாசனையால் வீட்டில் சண்டை வந்த கதையும் உண்டு.)

இப்போது ஆல்கஹால் இல்லாத மருந்துகள் நிறைய வந்துவிட்டன. எரிச்சல் தாங்காதவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். பாட்டிலில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு, 'ஆல்கஹால்', 'எத்தனால்' என்று இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் "இதுதான் ஸ்ட்ராங்"னு எடுத்துக் கொடுத்தால், "ஸ்ட்ராங் வேண்டாம்"னு தைரியமாகச் சொல்லுங்கள்.

ஈறு நோய்க்குப் பல் டாக்டர்கள் அதிகமாக எழுதுவது குளோர்ஹெக்ஸிடின் என்ற மருந்து. நம் ஊரில் பெரும்பாலும் 0.2 சதவீத அளவில் கிடைக்கும். இது தைல மருந்து மாதிரி இல்லை. கசக்கும், சிலருக்கு நாக்கு மரத்த மாதிரி இருக்கும், ருசி ஒரு மாதிரி மாறிவிடும், எரிச்சலும் வரும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 10 மில்லி மருந்தோடு அதே அளவு குடிதண்ணீர் சேர்த்துக் கொப்பளிக்கலாம். எரிச்சல் தெரிகிறவர்களுக்குப் பல் டாக்டர்களே சொல்லும் யோசனைதான் இது. ஒன்று மட்டும் கவனம். அவ்வப்போது வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். பாட்டிலுக்குள்ளேயே தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாரக் கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

இன்னும் சில விஷயம். பல் துலக்கிய கையோடு இந்த மருந்தை ஊற்றாதீர்கள். பேஸ்ட்டில் நுரை வருவதற்குப் போடும் பொருள் குளோர்ஹெக்ஸிடினைக் கெடுத்துவிடும். பேஸ்ட்டின் காரமும் மருந்தின் காரமும் சேர்ந்தால் எரிச்சலும் கூடுதல். அரை மணி நேரம் போகட்டும். வாயில் வைத்திருப்பது அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வரை போதும். முதல் இரண்டு மூன்று நாள் கால் நிமிஷத்தில் துப்பிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு, தப்பில்லை. விழுங்கக் கூடாது. கொப்பளித்த உடனே காபி, டீ வேண்டாம். இந்த மருந்தும் டீயும் சேர்ந்தால் பல்லில் காவி படியும். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் இரண்டு வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். நல்லதாச்சே என்று வருஷக் கணக்கில் கொப்பளிக்கிற மருந்து இல்லை இது. அபூர்வமாக ஒருவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் முகம், உதடு வீங்கி மூச்சுத் திணறலாம். அப்படி வந்தால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"எந்த மருந்தும் வேண்டாம், எதுவும் தாங்கவில்லை" என்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் இருக்கிறது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. சூடாக வேண்டாம், கை பொறுக்கிற வெதுவெதுப்பு போதும். நிறைய உப்புப் போட்டால் நிறைய குணம் என்று சிலர் கைப்பிடி உப்பு போடுகிறார்கள். அது புண்ணில் உப்பு தேய்ப்பதுதான். பல் பிடுங்கியவர்கள் முதல் நாள் முழுக்க எதையும் கொப்பளிக்கக் கூடாது. கட்டிய ரத்தம் கழன்றுவிடும். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர் போதும்.

பல்வலி என்று மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கிக்கொள்வது, கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றுவது, பிராந்தியில் வாய் கொப்பளிப்பது, இவை எல்லாம் உள்தோலைப் பொசுக்கும். வெள்ளையாய் உரிந்துபோன கன்னத்தோடு வந்து "மவுத்வாஷ் சேரலைங்க" என்பார்கள். மவுத்வாஷ் பாவம்! செங்கல் பொடி, கரி, சாம்பல் போட்டு அழுத்தித் தேய்க்கிறவர்களுக்கும் இதே கதை. ஈறு தேய்ந்து பல்லின் வேர் வெளியே தெரிகிறபோது வெறும் தண்ணீர்கூடக் கூசும். முதலில் பொடியை மாற்றுங்கள்.

கர்ப்பிணித் தங்கைகளுக்கு. கர்ப்பத்தின்போது உடம்பில் ஏற்படும் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். 'பிள்ளை பெற்றால் பல் ஒன்று போகும்' என்று பாட்டிமார் சொல்வது உண்மை இல்லை. அதை நம்பிப் பல் துலக்காமல் விடாதீர்கள். மெதுவான பிரஷ்ஷால் இரண்டு வேளை துலக்குங்கள். ஆல்கஹால் கலந்த மருந்தைத் தவிர்க்கலாம். போவிடோன் அயோடின் என்ற பழுப்பு நிற மருந்தை டாக்டரைக் கேட்காமல் கர்ப்பக் காலத்தில் தொடாதீர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்களும் தொடாதீர்கள். மசக்கை வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால் புளிப்பு அமிலத்தோடு சேர்ந்து பல் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் துலக்கினால் நல்லது. எரியாது. நான் சொன்ன தங்கைக்கும் இதைத்தான் சொன்னோம், ஆல்கஹால் இல்லாத மருந்தைப் பாதியாகக் கலந்து கொப்பளிக்கவும் சொல்லிக் கொடுத்தோம். வீட்டுக்காரரையும் உட்கார வைத்துத்தான் சொன்னோம். அவர், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, நான் திட்டவா போறேன்"னார். அவள் சிரித்தாள்.

சின்னப் பிள்ளைகள் ஆறு வயது ஆகும்வரை இந்த மருந்து எதுவும் வேண்டாம். துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். கலர் கலராய், இனிப்பாய் இருப்பதால் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மருந்தை மாற்றியாயிற்று, தண்ணீர் கலந்தாயிற்று, உப்புத் தண்ணீருக்கும் வந்தாயிற்று. இன்னமும் எரிகிறது. குழம்பு பட்டால் எரிகிறது, ஊறுகாயைப் பார்த்தாலே பயம். அப்படியானால் கோளாறு மருந்தில் இல்லை, வாயில்.

பெண்களுக்குச் சொல்கிறேன். நாக்கு வழவழவென்று சிவந்து எரிகிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பது தெரிந்தது. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும்.

ஆண்களுக்கும், பெண்களில் வெற்றிலை போடுகிறவர்களுக்கும் இன்னொன்று. கொட்டைப்பாக்கு, பான் மசாலா, பொட்டலப் பாக்கு, ஹான்ஸ் இவற்றைக் கன்னத்தில் அடக்குகிறவர்களுக்கு முதலில் வருவதே எரிச்சல்தான். பிறகு கன்னத்தின் உள்தோல் நார் நாராய் இறுகி, வெளுத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். 1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கவனித்து மருத்துவ உலகுக்குச் சொன்னார்கள். அடுத்த வருஷமே பம்பாயில் டாக்டர் ஜோஷி இதை விவரித்து எழுதினார். பாக்கு மெல்லும் நம் நாட்டில் இது நிறையவே இருக்கிறது. சிலருக்கு இது புற்றுநோயாகவும் மாறுகிறது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிக்கை வெளியிட்டது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை விதித்ததும் இந்த மாதிரி காரணங்களால்தான்.

"கல்யாணத்துல தாம்பூலம் கொடுக்கறதும் தப்பா?"ன்னு ஒரு பெரியவர் கேட்கிறார். கொடுப்பது மரியாதை, கொடுங்கள். நான் சொல்வது தினம் நாலைந்து தடவை வாயில் அடக்குவதைப் பற்றி.

சாரம் ஏறி வேலை செய்கிற ஒரு கொத்தனார் எங்களிடம் வந்தார். எரிச்சலுக்கு ஒரு வருஷமாக மூன்று விதமான மருந்து வாங்கிக் கொப்பளித்திருக்கிறார், ஒவ்வொன்றும் முன்னதைவிடக் காரமானது. எரிச்சலை இன்னும் பெரிய எரிச்சலால் அடக்கிவிடலாம் என்று நினைப்பு. வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல்தான் போனது. பாக்கை விட்டுவிட்டார், இப்போது சிகிச்சையில் இருக்கிறார். இறுகியது முழுசாகப் பழையபடி ஆகாது. ஆனால் மேலும் இறுகாமல் நிறுத்தலாம்.

ஆகவே இன்று ராத்திரி வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நெட்டுக்குத்தாய் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். தாராளமாகப் போக வேண்டும். பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டி வாயையும், பெண்டாட்டி புருஷன் வாயையும் பாருங்கள். கன்னத்தின் இரண்டு பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாய் ஆறாத புண், கட்டி, இதில் எது இருந்தாலும் வலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சந்தேகம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பெரிய சிகிச்சை வேண்டுமானால் சென்னையில் 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நம் ஊரிலிருந்து பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறினால், கோட்டை ஸ்டேஷனில் இறங்கி எதிரேதான். வீட்டில் இருந்தபடி கேட்க 104-க்குப் போன் செய்யலாம். பாக்கை விட வேண்டும் என்று நினைக்கிறவர்களும் அந்த நம்பரில் பேசலாம்.

வீட்டில் இருக்கிற கொப்பளிப்பு மருந்துப் பாட்டிலை எடுத்துவரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் முன்னால் வாருங்கள், என்ன மருந்து, எவ்வளவு கலக்கலாம் என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம். மூக்குக் கண்ணாடி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், எழுத்து ரொம்பப் பொடி.