ஓட்டுக் கேட்கும் சொற்கள்



தேர்தல் வந்துவிட்டால் செய்தித்தாளில் ஒரு தமிழ், தெருவில் ஒரு தமிழ். வேட்பாளர் 'வாக்கு சேகரித்தார்', 'ஆதரவு திரட்டினார்', 'பரப்புரை மேற்கொண்டார்' என்று அச்சில் வரும். தெருவில் அத்தனைக்கும் ஒரே பேச்சுத்தான்: "ஓட்டுக் கேட்டு வந்தாங்க." வேட்பாளரை நம் பழைய பத்திரிகைகள் 'அபேட்சகர்' என்றன. தேர்தல் அறிக்கையை இலங்கைத் தமிழர் 'விஞ்ஞாபனம்' என்கிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் உரை வேண்டும். இன்று நான் பேச வந்தது ஆட்டோவில் மைக் பிடித்து ஓட்டுக் கேட்பவரின் சொற்களைப் பற்றி. பல தேர்தல்களில் அந்த வேலையைச் செய்தவன் நான்.

வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வாசலைக் கடப்பதற்குள் சின்னமும் பெயரும் அந்த வீட்டுக்காரர் காதில் விழுந்தாக வேண்டும். "வாக்காளப் பெருமக்களே..." என்று நாங்கள் நீட்டுகிறோமே, அது அலங்காரத்துக்காக அல்ல. அடுப்படியில் இருக்கும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வர அந்த நீட்டல்தான் அவகாசம். அடுத்து "உங்களை நாடி, உங்கள் இல்லம் தேடி" என்போம். நாடி, தேடி என்று எதுகை விழும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நாள் முழுக்கக் கத்தும் தொண்டைக்கு அது பெரிய உதவி, நேயர்களே!

'பொன்னான வாக்கு' தேய்ந்துபோன சொல் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்பவர் தாழ்ந்தும் கொடுப்பவர் உயர்ந்தும் நிற்கிற நேரம் அது. கூலி வேலைக்குப் போகிறவரிடமும் "உங்கள் பொன்னான வாக்கு" என்றே கேட்கிறோம். ஆளுக்கேற்ப அடைமொழியை மாற்றுவதில்லை.

சுயேச்சைகளின் பாடுதான் கடினம். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே அவர்களுக்குச் சின்னம் உறுதியாகும். ஓர் ஊராட்சித் தலைவர் தேர்தலில் எங்கள் வேட்பாளருக்குப் பூட்டு சாவி கிடைத்தது. நான் அவருடைய பெயரையும் பெருமையையும் அடுக்கிக்கொண்டு போனேன். திண்ணையிலிருந்த பாட்டி ஒருவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். "பேரு கெடக்கட்டும் தம்பி, சின்னத்தச் சொல்லு" என்றார். அன்று முதல் எனக்குச் சின்னம்தான் முதலில், பெயர் பிறகுதான்.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. 'முத்திரையிட்டு' என்று சொல்லிப் பழகிய வாய் 'பொத்தானை அழுத்தி' என்று மாற வேண்டியதாயிற்று. ஆனால் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்குகள். அங்கே வாக்குச்சீட்டும் முத்திரையும் இன்னும் இருக்கின்றன. அந்தத் தேர்தல் வரும்போதெல்லாம் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துக்கொள்வோம். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

தேர்தல் அறிக்கை, கட்டுத்தொகை, தெருமுனைக் கூட்டம் என்று சொல்ல நினைத்தவை நிறைய; நேரம் நெருங்கிவிட்டது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிடும். அதற்குள் உங்கள் தெருவுக்கு ஓர் ஆட்டோ வந்தால், அது எந்தக் கட்சியாக இருந்தாலும், மைக்கில் பேசுபவரின் தமிழைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் ஓட்டுக் கேட்க வேறு சொற்கள் இருந்தால் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். இன்னொரு நாள் அவற்றைப் பேசுவோம்.