உண்ணக் கொடுங்கள்

(மருத்துவமனை ஸ்தோத்திரக் கூடுகையில் போதகர் ஆற்றிய உரை)



யவீருவின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பிய நம் ஆண்டவர், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியும் வீட்டாரைப் பணித்தார். ஆகாரமும் சுகமளித்தலின் ஒரு பங்கே என்பதை ஆரணியில் நாங்கள் தினமும் காண்கிறோம்.

குழித்தறியில் பட்டு நெய்யும் ஒரு சகோதரி காசநோயோடு வந்தார். வேலை குறைந்தால் அவர் வீட்டில் முதலில் நிற்பது முட்டையும் பாலும்தான். தமிழகத்தில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். வயிறு நிறைந்தது, உடல் தேறவில்லை. நாங்கள் கொடுத்த சத்துமாவுக் கஞ்சியையோ இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். "சப்பென்று இருக்கிறது ஐயா" என்றார்.

அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த பாட்டியம்மா மறுநாள் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களியும், வேர்க்கடலையோடு மிளகாய், பூண்டு, புளி வைத்தரைத்த துவையலும், முருங்கைக்கீரையும் கொண்டுவந்தார். சகோதரி தட்டை வழித்துச் சாப்பிட்டார். சத்தை அளந்த நாங்கள் ருசியை மறந்திருந்தோம்!

கேழ்வரகில் அரிசியைவிட முப்பது மடங்குக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. நம் மாவட்டத்தில் விளையும் கடலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். காசநோயாளியின் குடும்பத்தாருக்கும் சத்துணவு கொடுத்தபோது, அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததை 2023இல் வெளிவந்த ஜார்கண்ட் ஆய்வு காட்டியது.

ஆகவே வீடு திரும்புகிறவர்களுக்கு மாத்திரையோடு கேழ்வரகும் கடலையும் கொடுத்தனுப்புகிறோம். அந்தப் பையை நிரப்புவது உங்கள் காணிக்கை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! தொடர்ந்து ஜெபத்தில் தாங்குங்கள், இயன்றதைக் கொடுங்கள்.