மாகாளிக் கிழங்கும் மதராஸ் டாக்டரும்



மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கப் போகிறவர்கள், பருவம் வந்தால் ஒரு கிழங்கைப் பார்த்திருப்பார்கள். பழுப்புத் தோல், விரல் பருமன், இலையோ பூவோ கிடையாது. மண் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மாகாளிக் கிழங்கு. மாகாணி என்று சொல்லும் வீடுகளும் உண்டு. தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, தோல் சீவி, நடுநரம்பை எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்க வேண்டும். உப்பு, மஞ்சள், அரைத்த மிளகாய், கடுகு சேர்த்துப் புளித்த தயிரில் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் கெடாத ஊறுகாய் தயார். தயிர்சாதத்துக்கு இதை விட்டால் துணை இல்லை என்பவர்கள் ஒரு பக்கம். மூட்டைப்பூச்சி வாடை என்று மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் மறுபக்கம். ஒரே வீட்டிலேயே இரண்டு கட்சியும் இருக்கும்.

தாவரவியலில் இந்தக் கொடிக்கு டெக்கலெபிஸ் ஹாமில்டோனி என்று பெயர். நூல்களில் இந்தப் பெயருக்குப் பின்னால் வைட், ஆர்னாட் என்ற இருவரின் பெயர்களும் சுருக்கமாக அச்சாகியிருக்கும். 1834-ல் இந்தச் செடியை முறைப்படி விவரித்துப் பெயர் சூட்டியவர்கள் அவர்கள். மருத மரத்தின் அறிவியல் பெயரான டெர்மினேலியா அர்ஜுனாவைப் பாருங்கள். அதன் பின்னாலும் இதே இருவர். அங்கே மட்டும் அவர்களுக்கு முன் அடைப்புக்குறிக்குள் ராக்ஸ்பர்க் என்று இன்னொரு பெயர் இருக்கும். அர்ஜுனா என்ற பகுதி அவர் தந்தது, மரத்தைச் சரியான பேரினத்தில் கொண்டுபோய் வைத்தது மற்ற இருவரும் என்பதே அதன் பொருள். யார் என்ன செய்தார் என்பது பெயரிலேயே பதிவாகிவிடுகிறது.

இவர்களில் ராபர்ட் வைட் நம் ஊரோடு வாழ்ந்தவர். 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக மதராஸ் ராஜதானிக்கு வந்தார். அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் மூலிகைதான். அதனால் மருத்துவம் படித்தவர்கள் தாவரவியலும் படித்தாக வேண்டும். பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போன இந்த இளம் டாக்டர், போன இடமெல்லாம் செடிகளைச் சேர்த்தார். உள்ளூர் ஆட்களை அமர்த்திச் சேகரிக்கவும் வைத்தார்.

1826-ல் மதராஸ் அரசு அவரை இயற்கையியலாளர் என்ற பதவியில் அமர்த்தியது. இரண்டே ஆண்டு. 1828-ல் புதிய ஆளுநர் லஷிங்டன் காலத்தில் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டு, வைட் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக அனுப்பப்பட்டார். அந்தப் பதவி போனபின்பும் அவர் செடிகளை விடவில்லை என்பதுதான் அவரிடம் போற்ற வேண்டிய குணம். நாகையிலிருந்து கிளாஸ்கோவில் இருந்த தாவரவியல் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்குப் படங்களையும் உலர்ந்த செடிகளையும் கப்பலில் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

1831-ல் நீண்ட விடுப்பில் ஊர் போனபோது அவர் கொண்டுபோனது சுமார் 1,00,000 உலர்செடி மாதிரிகள். எடை இரண்டு டன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அந்த மூட்டைகளில் இருந்தன.

ஸ்காட்லாந்தில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட். சட்டம் படித்தவர், மனம் முழுக்கத் தாவரத்தில். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு மாதிரியாகப் பிரித்தார்கள். காய்ந்த பூவை வெந்நீரில் இளக்கி, லென்ஸுக்கு அடியில் வைத்து, இதழ், மகரந்தம், சூலகம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது பெரிய பொறுமை கேட்கும் வேலை. மாகாளிக் கொடியின் பூ மிகச் சிறியது. எருக்கம்பூவின் உறவு. அந்த வகையின் பூக்களில் மகரந்தமும் சூல்முடியும் பின்னிக்கிடக்கும் அமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிக்கல் தெரியும். ஏற்கெனவே தெரிந்த எந்தப் பேரினத்திலும் இது அடங்காது என்று கண்டு, டெக்கலெபிஸ் என்று புதுப் பேரினமே உண்டாக்கினார்கள்.

கிழங்கை அவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. மலையில் தோண்டியவர்களும் ஊறுகாய் போட்டவர்களும் அதை அறிந்தே இருந்தார்கள். ஆனால் தமிழில் மாகாளி, தெலுங்கில் மாரேடு என்று ஊருக்கு ஊர் பேர் மாறுகிற செடி எது என்று இருவர் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ள, ஒரு விவரணையும் ஒரு மாதிரியும் ஒரு பெயரும் தேவை. வைட்டும் ஆர்னாட்டும் அந்தப் பணியைச் செய்தார்கள். தன் வாழ்நாளில் வைட் 1,200-க்கும் மேற்பட்ட புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டினார்.

1834-ல் திரும்பி வந்தவர், கற்பலகை அச்சைக் கையில் எடுத்தார். ஐரோப்பாவின் வண்ணத் தாவர நூல்கள் செல்வந்தர்களுக்கே எட்டும் விலை. வைட் மதராஸிலேயே கறுப்பு வெள்ளைப் படங்களாக அச்சிட்டார். 1838 முதல் 1853 வரை வெளியான அவருடைய 'ஐக்கோனஸ்' என்ற தாவரப் பட நூல் ஆறு தொகுதிகள். மொத்தம் 2,101 படங்கள்.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் நம் மண்ணின் ஓவியர்கள். முதலில் ரங்கையா, 1845-க்குப் பிறகு கோவிந்து. லென்ஸில் தெரியும் சூலகத்தின் குறுக்குவெட்டைக்கூடத் தெளிவாக வரைந்து தந்தவர்கள். அவர்களின் பிறந்த ஊர், குடும்பம் பற்றி வைட்டின் நூல்களிலிருந்து ஏறக்குறைய எதுவும் தெரியாது. இது நெஞ்சை உறுத்துகிற இடம். ஆனாலும் வைட் ஒரு காரியம் செய்தார். 1853-ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்து, கோவிந்தூயியா என்று அழைத்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தச் செடி ஏற்கெனவே பெயரிடப்பட்ட ட்ரோபிடியா பேரினத்தில் அடங்கும் என்று முடிவு செய்ததால், கோவிந்துவின் பெயர் இன்று புழக்கத்தில் இல்லை. விதிப்படி அது சரிதான். ஆனாலும் வருத்தமாக இருக்கிறது.

மயிலாப்பூர்க்காரர்கள் வைட்டின் காலத்தைத் தொட்டுப் பார்க்க விரும்பினால் கதீட்ரல் சாலைவரை நடந்தால் போதும். 1835-ல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கத்தின் நிலம் அங்கே இருந்தது. வைட்டும் அச்சங்கத்தின் தொடக்க காலத்தில் பாடுபட்டவர். அந்த நிலத்தில்தான் பின்னாளில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் நடந்தது. 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. வைட்டோ 1842-ல் கோயம்புத்தூருக்குப் பருத்திச் சோதனைப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளப் போய், 1853-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, 1872-ல் காலமானார்.

அவர் பெயரிட்ட மாகாளிக் கொடிக்குத்தான் இப்போது கஷ்டகாலம். தென்னிந்தியாவின் வறண்ட பாறைச் சரிவுகளில், பாறை இடுக்கில் வேர் இறக்கி வளர்வது அது. வேரின் மணத்துக்குக் காரணமான வேதிப்பொருள், வெனிலாவின் மணத்தைத் தரும் வெனிலினுக்கு நெருங்கிய உறவு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேறு. நன்னாரியிலும் இருப்பது இதுவே. அதனால் ராயலசீமையில் நன்னாரி என்ற பெயரில் சர்பத்துக்கும் இந்த வேர் போகிறது. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் சேர்த்துத் தோண்டும்போது, பெரும்பாலும் முழு வேரும் வெளியே வந்துவிடுகிறது. வேர் போனால் கொடியும் போயிற்று. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் இந்த இனத்தை அழிவு அபாயத்தில் உள்ளதாகக் குறித்திருக்கிறது.

மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், திசு வளர்ப்பு முறையில் இதன் நாற்றுகளை உண்டாக்கும் வழிகளை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. நாற்று தோட்டத்தில் பிடித்து, கிழங்கு பருக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கும் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால்தான் இது பயிராகும். மாட வீதியில் கட்டு வாங்குகிறவர்கள், இது தோட்டத்தில் வளர்ந்ததா, காட்டில் தோண்டியதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கத் தொடங்கலாம்.