முடியும் எழுத்தும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பேரரசுகளுக்கு இடையே மலைநாட்டில் வாழ்ந்த பழம்பேரினம் ஆர்மீனியர். இடைக்காலத்தில் அவ்வினத்தைக் காத்தது எது, கெடுத்தது எது என்னும் இரு வினாக்களுக்கு இன்று விடை காண்போம்.

கி.பி. 405ஆம் ஆண்டளவில் மெசுரோப்பு மசுத்தோத்சு என்னும் துறவி ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். அதுவரை அவர்தம் கோயில்களில் ஒலித்தவை கிரேக்கமும் சிரியமுமே. வழிபடுவோர்க்குப் பொருள் விளங்காது. வேந்தன் விராம்சாபுவும் சமயத் தலைவர் சகாக்கும் துணைநிற்க, மறைநூல் தாய்மொழியில் எழுந்தது, பள்ளிகள் தோன்றின. கால் நூற்றாண்டு நிறையுமுன், 428இல், பாரசீகர் அவ்வரசை ஒழித்தனர். முடி போயிற்று, எழுத்து நின்றது.

ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டு கழித்து, 885ஆம் ஆண்டளவில், பகராத்துனிக் குடியினனாகிய அசோத்து வேந்தனானான். கலீபாவும் பைசாந்தியப் பேரரசனும் தனித்தனியே அவனுக்கு முடி அனுப்பினர். தன் மொழியில் ஓதி, தன் மொழியில் எழுதி வாழ்ந்தமையாலன்றோ அவ்வினம் அத்துணைக் காலமும் கரையாதிருந்தது!

இனி, கெடுத்தது எது? அசோத்தின் மகன் சும்பாத்து ஆண்டபோது, வான் ஏரிப் பக்கத்து வாசுபுரக்கானின் தலைவன் காகிக்கு, நக்கிச்செவான் நிலத்தின்பொருட்டு அவனோடு பிணங்கினான். சும்பாத்து அவனுக்குத் தாய்மாமன். அவ்வுறவையும் எண்ணாது, 908இல், கலீபாவின் ஆளுநனாகிய யூசுப்பின் கையால் காகிக்கு முடி பெற்றான். அந்த யூசுப்பே 914ஆம் ஆண்டளவில் சும்பாத்தை வதைத்துக் கொன்று, உடலைத் தூவின் நகரில் சிலுவையில் தொங்கவிட்டான். காகிக்கு அதற்குள் அவனைவிட்டு விலகியிருந்தான். விலகி என்ன பயன்? காகிக்கு அக்தமார்த் தீவில் எழுப்பிய கற்கோயில் இன்றும் காண்பார் கண்ணைக் கவர்கின்றது. கல்லில் அழகு காணத் தெரிந்தவன், எவர் கையால் முடி பெறலாகாது என்பதை அறிந்திலன்.

சும்பாத்தின் மகன், 'இரும்பன்' எனப் பெயர் பெற்ற இரண்டாம் அசோத்து, நாட்டை மீட்டான். 961இல் மூன்றாம் அசோத்து ஆனியைத் தலைநகராக்கினான். 1001இல் அங்குப் பெருங்கோயிலைக் கட்டி முடித்த திரிதாத்து என்பவனே, நிலநடுக்கத்தில் சிதைந்த கான்சுதாந்திநோபிளின் அகியா சோபியா மாடத்தையும் செப்பனிட்டவன். அத்தகு நகரை இழந்ததும் உட்பகையாலேயே. உடன்பிறந்தானோடு போரிட்டு நாட்டைப் பங்கிட்ட ஓவன்னசு சும்பாத்து, தனக்குப்பின் ஆனி பைசாந்தியர்க்கு என எழுதிக்கொடுத்தான். 1045இல் அவர்கள் அதனைக் கைக்கொண்டனர். 1064இல் செல்சூக்கியர் பறித்தனர். கடலோரச் சிலிசியாவில் இலெவோன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூடிய முடியும், 1375இல் மம்லூக்கியரிடம் வீழ்ந்தது.

பின்னர் 1918வரை அவர்க்குத் தனியரசில்லை. அந்த இருண்ட காலத்திலும், 1794இல், உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய 'அசுதரார்' வெளிவந்தது. எங்கே? நம் சென்னையில்! அருத்தியூன் சிமவோனியன் என்னும் சமயத் தொண்டர், தாயகத்துக்கு நெடுந்தொலைவில், மெசுரோப்பு வகுத்த அதே எழுத்துகளில் அதனை அச்சிட்டார். 1991இல் மீண்டும் விடுதலை பெற்ற ஆர்மீனியாவின் சட்டங்களும் அவ்வெழுத்துகளிலேயே எழுதப்படுகின்றன.

பெருமக்களே! எழுத்து அவ்வினத்தை உயிரோடு வைத்திருந்தது. உட்பகையோ வேந்தரைக் கொன்றது. மொழிக்காக உயிரையும் ஈவோம் என்று முழங்கும் நாம், ஊருக்குள் உடன்பிறந்தாரோடு எல்லைக்கல்லுக்காகப் பிணங்கி, அயலான் வாயிலில் முறையிடப் போகும்போதெல்லாம் காகிக்கை நினைத்துக்கொள்வோமாக!

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழின ஒற்றுமை!